டபுள் பேஸ், பேஸ் கிட்டார்: ஜாஸ் வாசிப்பு, கருவி அமைப்பு, மேடைப் பதிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் பேஸ் வாசிக்கிறவர்கள் ஜாஸ் பக்கம் திரும்பும்போது கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன. பேஸ் சத்தம் என்பது மிக்ஸரில் சரிசெய்கிற சமாச்சாரம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை கையிலும், கம்பிகளைத் தாங்கும் மரப் பாலமான பிரிட்ஜிலும் இருக்கிறது. மீதியில் பாதிக்கு பிளக் பாயிண்டில் இருக்கிறது.

ஏனுங்க, டபுள் பேஸும் பேஸ் கிட்டாரும் ஒரே சத்தந்தானுங்களா?

சுருதி ஒன்று, சத்தம் வேறு. இரண்டிலும் நாலு கம்பி: ஈ, ஏ, டி, ஜி. தடித்ததிலிருந்து மெல்லியது வரை 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதும் இரண்டுக்கும் பொது. டபுள் பேஸில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் கட்டை) பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் ஏறக்குறைய 105 செ.மீ. ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) கிடையாது. இழுத்ததும் 'தும்' என்று எழுந்து சீக்கிரம் இறங்கிவிடும். பேஸ் கிட்டாரில் நீளம் 86.4 செ.மீ.; சத்தம் நின்று பேசும். அடிக்கு ஒரு ஸ்வரமாக நடக்கும் ஜாஸ் வாசிப்பில், எழுந்து இறங்கும் அந்த உருவம்தான் தாளத்தை முன்னால் தள்ளுகிறது.

அதற்காக டபுள் பேஸ் இல்லாமல் ஜாஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபெண்டர் நிறுவனம் 1951-லேயே மின்சார பேஸைக் கொண்டுவந்துவிட்டது. 1970-களில் அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டாரில் வாசித்ததும் ஜாஸ்தான். கையில் பேஸ் கிட்டார் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். பெரியது வீட்டில் பாதி அறையை அடைக்கும், அவசரமில்லை.

பழைய டபுள் பேஸ் ஒண்ணு வருதுங்க. வாங்கறதுக்கு முன்னாடி என்னத்தைப் பாக்கோணும்?

'முக்கால் சைஸ்' என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பெரியவர்கள் வாசிக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான். முதலில் மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளையின் விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், ஒரே மரமாகத் தெரிந்தால் செதுக்கியது. செதுக்கியதில் சத்தம் ஆழம். பிளைவுட்டில் உயிர் கெட்டி. வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவருக்கு எங்கள் ஓட்டு பிளைவுட்டுக்கே.

பிறகு ஜி கம்பிப் பக்கத்து பிரிட்ஜ் கால் அருகே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சவுண்டு போஸ்ட் என்ற குச்சி முட்டுக்கொடுக்கும் இடம் அது. அங்கே விரிசல் இருந்தால் மேல்பலகையைக் கழற்றித்தான் வேலை பார்க்க வேண்டும், செலவு கருவி விலையைத் தொடும். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு கருங்காலியா, கருப்புச் சாயம் பூசிய லேசான மரமா என்று பாருங்கள். சாயமானால் கம்பி ஓடிய தடத்தில் பள்ளம் விழுந்து மரத்தின் நிறம் வெளியே தெரியும்.

கடைசியாக, விளிம்பு நெடுக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் 'கடகட' என்றால் ஒட்டு விட்டிருக்கிறது. அது பெரிய குறை இல்லை, விலை குறைக்கத்தான் உதவும். ஆனால் ஒட்டுவது வஜ்ரப் பசையால்தான். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்டால் அடுத்த முறை திறக்கும்போது பசை விடாது, மரம் பிய்யும். வண்டியில் ஏற்றும்போது பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பிரிட்ஜ் மேல் எந்தப் பாரமும் வரக் கூடாது.

கம்பி எத்தனை உசரம் இருக்கோணும்? விரல் தாங்கமாட்டீங்குது.

ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில், பலகையின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளங்கள். ஸ்டீல் கம்பிக்கு ஜி 5 முதல் 6 மி.மீ., ஈ 8 முதல் 9 மி.மீ., நடுவில் உள்ள இரண்டும் படிப்படியாக. குடல் கம்பி அகலமாக ஆடும் என்பதால் ஜி 8, ஈ 11 வரை போகலாம். பிரிட்ஜ் காலில் திருகு சக்கரம் இருந்தால் ஏற்றி இறக்கலாம்; ஏற்றுமுன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், இழுவையோடு திருகினால் திருகு மரத்தைக் கடித்துவிடும்.

விரல் தாங்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு பிரிட்ஜில் இல்லை, நட்டில் இருக்கிறது. நட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இரண்டு மூன்று கார்டு நுழைந்தால், கீழ் இடங்களில் அழுத்துவது வலிக்கும், சுருதியும் ஏறி நிற்கும். நட்டின் பள்ளத்தை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அதிகம் போய்விட்டால் புது நட்டுதான்.

ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். ஜி 4 மி.மீ.க்குக் கீழே போனால் பலமாக இழுக்கும்போது கம்பி பலகையில் அறையும். கருவியின் சொந்தச் சத்தம் சுருங்கி எல்லாவற்றுக்கும் ஆம்ப் தேவைப்படும்.

பிரிட்ஜ் முன்னாடி சாயுதுங்க. தட்டி நிமுத்தலாமுங்களா?

தட்டக் கூடாது. ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் கம்பி பிரிட்ஜின் தலையை ஃபிங்கர்போர்டு பக்கம் இழுக்கிறது. விட்டால் நாளடைவில் வளைந்தே போகும். கம்பிகளை அரை ஸ்வரம் தளர்த்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, டெயில்பீஸைப் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் துண்டு) பார்த்த முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக வரும்வரை மெல்ல நகர்த்துங்கள். கால்களின் நடு, எஃப் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேர் இருக்க வேண்டும். பிரிட்ஜின் பள்ளங்களில் பென்சில் கரி தடவினால் கம்பி வழுக்கும், சாய்வது குறையும்.

கம்பி மாத்தறப்ப உள்ளே என்னமோ 'டொக்'குனு விழுந்துருச்சுங்க!

சவுண்டு போஸ்ட். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே பசையில்லாமல், இறுக்கத்தால் மட்டும் நிற்கும் குச்சி அது. நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இறுக்கம் போய் விழும். அது இல்லாமல் சுருதி ஏற்றினால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். மிச்சம் இருக்கிற இழுவையையும் தளர்த்திவிட்டு, வயலின் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அது நிற்க வேண்டிய இடம் ஜி பக்கத்து பிரிட்ஜ் காலுக்குச் சற்றுப் பின்னால், டெயில்பீஸ் பக்கம். இனிமேல் ஒரு கம்பி கழற்றி, ஒன்று போட்டு, சுருதி ஏற்றிய பிறகே அடுத்தது.

சித்திரை வெயில்ல கம்பி கீழ எறங்கிருதுங்க, மழை வந்தா மேல ஏறுது. ரிப்பேருங்களா?

ரிப்பேர் இல்லை. செதுக்கிய மரம் ஈரம் இழந்தால் மேல்பலகையின் வளைவு தட்டையாகும், பிரிட்ஜ் இறங்கும். ஈரம் ஏறினால் உப்பும், கம்பி உயரும். கரூர், ஈரோடு மார்ச் ஏப்ரல் வறட்சிக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே 1 மி.மீ.க்கு மேலேயே மாறலாம். திருகு சக்கரம் இருப்பது இதற்காகத்தான். பிளைவுட்டில் இந்த ஆட்டம் குறைவு.

கருவி இருக்கும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருப்பது நல்லது. சின்ன ஈரப்பதமானி ஒன்று மாட்டுங்கள். வறண்ட மாதங்களில் துளையிட்ட குழாயில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து எஃப் துளை வழியே தொங்கவிடலாம், சொட்டக் கூடாது. ஏசி காற்று நேராகப் படும் இடமும், மதியம் பூட்டி நிறுத்திய காரும் வேண்டவே வேண்டாம். ஊட்டியில் நிகழ்ச்சி என்றால் காலையிலேயே கொண்டுபோய், உறைக்குள் ஒரு மணி நேரம் விட்டுத் திறங்கள். வில் வாசிக்கிறவர்கள் ரோஸினையும் கவனியுங்கள்: பேஸ் ரோஸின் இளகல் வகை, கோடையில் டப்பாவுக்குள்ளேயே உருகி ஓடிவிடும்.

வலது கையில எப்புடி இழுக்கறதுங்க? ரெண்டு பாட்டுலயே கொப்புளம்.

விரல் நுனியால் கிள்ளுகிறீர்கள். கொப்புளம் வருவது அதனால்தான், சத்தம் மெலிந்திருப்பதும் அதனால்தான். கட்டை விரலை ஃபிங்கர்போர்டின் ஓரத்தில், பலகை முடிவதற்கு ஒரு சாண் உள்ளே ஊன்றுங்கள். ஆள்காட்டி விரலைக் கம்பிக்குக் குறுக்கே வைக்காமல், கம்பியோடு ஒட்டிச் சாய்த்துப் படுக்க வையுங்கள்; முதல் கணுவின் பக்கவாட்டுச் சதை முழுதும் கம்பியில் பட வேண்டும். இழுப்பது விரல் அல்ல, முன்கையின் பாரம். கம்பியை விட்டதும் விரல் அடுத்த தடித்த கம்பியில் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அந்தக் கம்பியின் வீண் அதிர்வும் அடங்கும்.

வேகமான பாட்டுக்கும் சோலோவுக்கும் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அப்போது விரல் கொஞ்சம் நிமிரும், சத்தம் மெலியும், தெளிவு கூடும். அடிக்கு ஒரு ஸ்வரமாக நடக்கும் 'வாக்கிங்' முழுக்க இரண்டு விரல் வேண்டாம். பலம் சீராக வராது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் ஓய்வு கொடுங்கள். அரை மணி, அரை மணியாக நாளுக்கு இரண்டு முறை பழகினால் தோல் தானே தடிக்கும்.

ஃப்ரெட்டே இல்லீங்களே, சுருதி எப்புடிப் புடிக்கறது?

இடக்கையில் கீழ் இடங்களுக்கு 1, 2, 4 என்ற விரல் முறை. மூன்றாம் விரல் நாலாவதுக்குத் துணையாகச் சேர்ந்தே அழுத்தும். ஒன்றிலிருந்து இரண்டு அரை ஸ்வரம், இரண்டிலிருந்து நாலு இன்னொரு அரை. ஆக, கை ஓரிடத்தில் நின்றால் ஒரு முழு ஸ்வரத் தூரம்தான் எட்டும். மற்றதெல்லாம் கையை நகர்த்துவது. கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் இரண்டாம் விரலுக்கு நேராக. கையின் வடிவம் மாறாமல் முழுக் கையும் நகர வேண்டும்.

காதுக்கு நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் கிடைக்கும் நல்ல வாத்தியார் சுருதிப் பெட்டி. டி-யில் வைத்துவிட்டு, வில்லோ விரலோ, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதோடு சேர்த்து நிறுத்திக் கேளுங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃப்ரெட் இல்லாத கருவி கையில் வந்ததும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கமகம் போடத் தோன்றும். பியானோ பக்கத்தில் இருக்கும்போது நேராகப் போய் நிற்கிற ஸ்வரம்தான் எடுபடும். ஜாரு சோலோவுக்கு இருக்கட்டும்.

நாங்க ஆர்கெஸ்ட்ராவுல நோட்ஸ் பாத்து வாசிக்கறவிய. இந்த 'வாக்கிங்'னா என்னதுங்க?

கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மட்டும் தாளில் இருக்கும். நீங்கள் அடிக்கு ஒரு ஸ்வரமாக, நாலு அடிக்கு நாலு, விடாமல் கோத்துக்கொண்டே போக வேண்டும். முதல் அடியில் கார்டின் வேர் ஸ்வரம் (அதற்குப் பெயர் தரும் ஸ்வரம்), நடுவில் கார்டின் மற்ற ஸ்வரங்கள், நாலாவது அடியில் அடுத்த வேருக்கு அரை ஸ்வரம் மேலேயோ கீழேயோ. டி மைனர், ஜி செவன், சி என்ற வரிசைக்கு: டி, எஃப், ஏ, ஏ ஃப்ளாட், ஜி, பி, டி, டி ஃப்ளாட், பிறகு சி. சி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் ரி, ம, த, சுத்த தைவதம், பஞ்சமம். ப, நி, ரி, சுத்த ரிஷபம், ஸட்ஜம். நாலாவது ஸ்வரம் கார்டுக்கு வெளியே இருந்தாலும் அடுத்ததில் போய் இறங்குவதால் காது ஏற்றுக்கொள்ளும்.

ஸ்விங் நடையில் அரை அடிகள் திஸ்ர நடையின் முதல் எண்ணிக்கையிலும் மூன்றாவதிலும் விழும். வேகம் கூடக் கூட அது சமமாகிக்கொண்டே போகும். மெட்ரோனோமை எல்லா அடிக்கும் வைக்காமல் 2-லும் 4-லும் மட்டும் அடிக்க விட்டுப் பழகுங்கள். முதல் நாள் தலை சுற்றும். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது தொடங்கும்வரை நீள வேண்டும். சீக்கிரம் விட்டுவிடுவதுதான் மெல்லிசைக் குழுவிலிருந்து வருகிறவர்களின் பொதுவான பழக்கம்.

பேஸ் கிட்டார்லயே அந்த 'தும்' சத்தம் வருமுங்களா?

கிட்டத்தட்ட வரும். ஃப்ளாட்வவுண்ட் (மேற்சுற்று தட்டையான) கம்பி போடுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிக்கு அடியில் ஒரு விரல் அகல ஸ்பாஞ்ச் துண்டைச் செருகுங்கள். நீளும் சத்தம் அடங்கும். கழுத்து முடியும் இடத்துக்கு மேலே, மேலே சொன்ன சாய்ந்த விரலாலேயே இழுங்கள். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே. ஃப்ரெட் இல்லாத கருவியில் ரவுண்டுவவுண்ட் (சொரசொரப்பான உருண்டைச் சுற்று) கம்பி போட்டால் ரோஸ்வுட் பலகையை அரித்துவிடும், ஃப்ளாட்வவுண்ட்தான் சரி.

அமைப்புக்கு: 12-வது ஃப்ரெட்டில் ஈ 2.5 மி.மீ., ஜி 2 மி.மீ. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7-வது ஃப்ரெட் அருகே இடைவெளி பாருங்கள், 0.3 மி.மீ. போதும். கூடினால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கடைசியில்தான் இன்டோனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியா என்பது. 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஃப்ளாட்வவுண்டுக்கு இழுவை அதிகமாக இருக்கலாம் என்பதால், கம்பி மாற்றினால் இவ்வளவையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மேடையில மைக் வெக்கறதுங்களா, பிக்கப்புங்களா?

பதிவுக்கு மைக், ஒலிபெருக்கிக்கு பிக்கப், பத்திரத்துக்கு இரண்டும் தனித்தனித் தடத்தில். பிக்கப் பிரிட்ஜின் அதிர்வை மட்டும் எடுக்கிறது. மரமும் காற்றும் சேர்ந்த சத்தம் மைக்கில்தான் வரும். மைக்கை பிரிட்ஜுக்கு முன்னால் 20 முதல் 30 செ.மீ. தள்ளி, பிரிட்ஜுக்கும் ஃபிங்கர்போர்டு முனைக்கும் நடுவே நோக்கி வையுங்கள். எஃப் துளைக்கு நேரே வைத்தால் உப்பிய சத்தம் வரும். ஃபிங்கர்போர்டு பக்கம் ஏற்றினால் விரலின் உரசலும் தெளிவும் கூடும். ரொம்ப நெருங்கினால் ஒருதிசை மைக்குகளில் கீழ்ச்சத்தம் தானாகவே ஊதிப்போகும்.

டிரம்ஸ் பக்கம் மைக்கின் காது கேளாத திசையைத் திருப்புங்கள். ஒருதிசை (கார்டியாய்டு) மைக்குக்கு அது முதுகு. முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவ மைக்குக்கு இரு பக்கவாட்டும்.

ரெண்டையும் சேத்தா சத்தம் கூடறதுக்குப் பதிலா மெலியுதுங்க. அது ஏனுங்க?

பிக்கப்புக்கு அதிர்வு உடனே போகிறது. மைக்குக்குக் காற்றில் பயணம் செய்து போக வேண்டும். 34 செ.மீ. தூரத்துக்கு சுமார் 1 மில்லி செகண்ட். அந்தத் தாமதத்தில் 500 ஹெர்ட்ஸ் அலை அரைச்சுற்று பின்தங்கும். இரண்டும் சம பலத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். போதாக்குறைக்கு சில பிக்கப்புகளின் துருவமே (போலாரிட்டி) மைக்குக்குத் தலைகீழாக இருக்கும். அப்படியானால் கீழ்ச்சத்தம் முழுதும் காணாமல் போகும்.

சோதனை எளிது. இரண்டையும் சம அளவில் வைத்து, ஈ கம்பியைத் திறந்து (விரல் அழுத்தாமல்) இழுத்தபடி ஒரு தடத்தின் துருவ பட்டனை அமுக்கிப் பாருங்கள். எதில் அடிச்சத்தம் பருமனோ அதுவே சரி. பிறகு கணினியில், பிக்கப் தடத்தைத் தாமதித்து மைக் தடத்தோடு நேர் செய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 1 மில்லி செகண்ட் என்பது 48 சாம்பிள். அதன் பிறகும் ஒன்றைத் தலைமையாகவும் மற்றதை 8, 10 டெசிபல் கீழேயும் வைப்பதுதான் நாங்கள் சொல்வது. பாதிப் பாதி கலவை யாருக்கும் சரியாக வந்து கேட்டதில்லை.

பிக்கப்பை மிக்ஸர்ல நேராச் செருகினா தகர டப்பா மாதிரி இருக்குதுங்க.

மிக்ஸரில் குறையில்லை, பொருத்தத்தில் குறை. டபுள் பேஸ் பிக்கப் பெரும்பாலும் பியஸோ வகை, அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகம். அது மின்தேக்கி போல நடந்துகொள்ளும். உள்ளீட்டு மின்தடை குறைந்தால் கீழ்ச்சத்தம் வடிந்துவிடும். 2 நானோஃபாரட் உள்ள பியஸோவை 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேயத் தொடங்கும்; ஈ, ஏ, டி மூன்று கம்பியின் அடியும் அதற்குக் கீழேதான். 10 மெகாஓம் என்றால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மிக்ஸர் லைன் உள்ளீடு வெறும் சில பத்து கிலோஓம். ஆகவே பியஸோவுக்கென்று செய்த ப்ரீஆம்ப் நடுவில் அவசியம். பேஸ் கிட்டாரின் காந்தப் பிக்கப்புக்குச் சாதாரண டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) போதும்.

மண்டபத்துல 'ஙீ...'னு எரைச்சல் நிக்கவே மாட்டீங்குது. 50 ஹெர்ட்ஸை வெட்டிட்டா ஆச்சுங்களா?

வெட்டக் கூடாது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது இடத்து ஜி 49 ஹெர்ட்ஸ். இரைச்சலின் அடுத்த படி 100. திறந்த ஜி கம்பி 98. இரண்டையும் ஈக்குவலைசரில் வெட்டினால் இரைச்சலோடு ஜி ஸ்வரமும் போய்விடும். ஜாஸில் எஃப், சி, ஜி என்று சுற்றி வரும் பாட்டுகளில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுவது நன்றாகவே கேட்கும். இரைச்சலை அது பிறக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

ஆம்ப், மிக்ஸர், பதிவுக் கருவி மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். மண்டபத்தில் மூன்று ஃபேஸ் இருக்கும். சீரியல் லைட், டிம்மர் எல்லாம் ஒரு ஃபேஸ், ஒலி முழுக்க வேறு ஒரே ஃபேஸ் என்று எலக்ட்ரீஷியனிடம் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் நின்றதே என்று பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. ஒடிக்க வேண்டியதில்லை, டிஐ பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் பட்டன் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கருவிக்குள் கவசம் சரியில்லை. கூடுகிறது என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் ஆம்ப் ஊளையிடுதுங்க.

பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிரும் இடம் பெரும்பாலான டபுள் பேஸ்களில் 60 முதல் 70 ஹெர்ட்ஸ். ஆம்பின் சத்தம் திரும்பப் பெட்டிக்குள் போய் அந்த இடத்தில் சுற்றிக்கொள்கிறது. ஆம்பை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வையுங்கள். பலகை மேடை என்றால் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றுங்கள். பலகை அதிர்ந்து கருவி ஊன்றி நிற்கும் முள் வழியே உள்ளே ஏறும். ப்ரீஆம்பில் துருவ பட்டனை மாற்றினால் ஊளை வேறு ஸ்வரத்துக்கு நகரும் அல்லது நிற்கும். எஃப் துளையில் ஸ்பாஞ்ச் செருகுவது அதற்கும் அடுத்த கட்டம். எல்லாம் செய்த பிறகே அந்த ஒரு இடத்தை ஈக்குவலைசரில் குறுகலாகக் குறையுங்கள், 50 ஹெர்ட்ஸை வெட்டுவது பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

வீட்டு ரூமுல பதிஞ்சா 'ஏ' மட்டும் குமுறுதுங்க. ஜமக்காளம் தொங்கவிட்டும் போகலை.

நம் வீட்டு அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் பத்து. இரு சுவருக்கு நடுவே அலை நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டால் 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் சொச்சம்; திறந்த ஏ 55. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் அதே இடத்தில் இரட்டிப்பாகக் குமுறும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். எஃப் ஷார்ப்புக்கும் ஜி-க்கும் நடுவே.

பவானி ஜமக்காளம் சிம்பலின் கூச்சலை அடக்கும், 56 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. துணியின் தடிமன் அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. அறையின் மூலைகளில், தரையிலிருந்து கூரை வரை, அரை மீட்டருக்குக் குறையாத தடிமனில் பஞ்சுப் பொருள் நின்றால் ஓரளவு பிடிக்கும். திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் மூட்டை மலிவாகக் கிடைக்கும், அதை அடுக்கலாம். தீ, எலி இரண்டுக்கும் கவனம். அதைவிடச் செலவில்லாத வழி இடம் மாறுவது. சுவரை ஒட்டி வேண்டாம், அறையின் நட்டநடுவும் வேண்டாம். ஏ-யை வாசித்துக்கொண்டே அரை அடி அரை அடியாக நகருங்கள். குமுறல் தணியும் இடத்தில் தரையில் சாக்பீஸ் குறி போட்டு மைக்கையும் அங்கேயே வையுங்கள்.

ஆடி மாசம் வெளியில மேடைங்க. மைக்குல காத்து மட்டுந்தான் கேக்குது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று. மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மட்டும் போதாது. மேலே ரோம உறையும் போடுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது ஈ கம்பியைப் பாதிக்காது. சின்ன மைக்கை ஸ்பாஞ்சில் சுற்றி, பிரிட்ஜ் கால்களுக்கு நடுவே செருகினால் கருவியே காற்றுத் தடுப்பாகும். இதுவும் போதாத நாளில் பிக்கப் தடத்தை நம்புங்கள். இரண்டும் தனித்தனியாகப் பதியச் சொன்னது இதற்கும்தான்.

மூணு பேர் சேர்ந்து வாசிக்கறதை ஒரே மூச்சுல பதியோணும். எப்புடி வெக்கறது?

நெருக்கமாக நில்லுங்கள். பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பேஸ், ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டருக்குள், ஹெட்ஃபோன் இல்லாமல். டிரம்ஸ் மைக்கில் பேஸ் கசிவது குற்றமில்லை; அந்தக் கசிவும் பேஸ் சத்தத்தின் ஒரு பகுதிதான். டிரம்மர் அமுக்கி வாசித்தால் ஆம்ப் சின்னதாகப் போதும். ஆம்ப் சின்னதானால் பேஸ் மைக் சுத்தமாகும். இந்தச் சங்கிலி டிரம்மரிடம்தான் தொடங்குகிறது, அவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒத்திகையில் மிகப் பலமான இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கூட்டம் வந்ததும் எல்லோரும் பலமாக வாசிப்பார்கள். மண்டபத்து ஒலிக்காரர் மிக்ஸரிலிருந்து எடுப்பதானால் ஈக்குவலைசருக்கும் ஃபேடருக்கும் முந்தைய சிக்னல் கேளுங்கள். இல்லையென்றால் அவர் கூட்டத்துக்காகத் திருகுவதெல்லாம் உங்கள் தடத்தில் ஏறும். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடட்டும். ஈ.பி. போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தச் சில நொடிகளில் மிக்ஸருக்கு யூபிஎஸ் வேண்டும். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பில் எவன்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பேஸ்), பால் மோஷியன் (டிரம்ஸ்) மூவரும் வாசித்த புகழ்பெற்ற பதிவிலேயே முதல் பாட்டின் நடுவில் கரண்ட் தடைபட்டு டேப்பில் பதிவு துண்டுபட்டது. லஃபாரோவின் பேஸை டிரியோவில் எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்க இன்றும் அதுதான் நல்ல பாடம்.

எல்லாம் செஞ்சாச்சுங்க. ஆனா போன்ல போட்டா பேஸே கேக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க.

போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. அங்கே 50, 60-ஐ ஏற்றினால் ஹெட்ஃபோனில் கேட்கிறவர் காது அடைபடும், போனில் ஒரு மாற்றமும் இருக்காது. 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 82, 123, 164 என்று மேல்நோக்கிப் போகும் துணை ஒலிகளைக் கேட்டு, இல்லாத அடியைக் காதே நிரப்பிக்கொள்ளும். ஆகவே அந்தத் துணை ஒலிகளைத்தான் காப்பாற்ற வேண்டும். 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். விரல் கம்பியை விடும் சத்தம் அங்கே இருக்கிறது. பியானோக்காரரின் இடக்கை அதே ஸ்தாயியில் அடித்துக்கொண்டிருந்தால் எந்த ஈக்குவலைசரும் உதவாது. அடுத்த பதிவில் அவரை ஒரு ஸ்தாயி மேலே போகச் சொல்லுங்கள்.

அப்படியும் எடுபடவில்லை என்றால் ஈக்குவலைசரை விட்டுவிட்டு, வலக்கை பற்றிய கேள்விக்குத் திரும்பிப் போங்கள். நுனி விரலால் கிள்ளிய ஸ்வரத்தில் துணை ஒலி இருக்கும், அடி இருக்காது. பலகை முனையிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி இழுத்தால் அடி இருக்கும், துணை ஒலி இருக்காது. கட்டை விரலை நான்கு செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி ஒரு பாட்டு பதிந்து, அதே போனில் போட்டுப் பாருங்கள்.